கூண்டுக்கு வராதவை

மாப்பிள்ளை முதல் தடவை கூண்டில் மாட்டிக்கொண்ட அன்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு வருடமாகச் சதுப்பு நிலத்தைச் சுற்றி நாற்பது கூண்டு வைத்து, தினமும் காலையில் முழங்கால் சேற்றில் இறங்கி, நாற்பதையும் காலியாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவளுக்குத்தான் அந்த அழுகை புரியும். சேற்றுக்கீரி என்று ஒரு பிராணி அங்கே இருக்கிறது, அதை எண்ண வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஆய்வு நிலையமே. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லையென்றால் நிலையம் எதற்கு என்று மேலிடம் கடிதம் போட்டு இருபது நாள் ஆகியிருந்தது. எட்டுப் பேர் பிழைப்பு ஊசலாடிக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பதினொன்றாம் கூண்டில் அது வந்து உட்கார்ந்திருந்தது.

மாப்பிள்ளை என்று பேர் வைத்தவளும் அவள்தான். பழைய நாட்களில் பிடிபட்ட கீரிகள் கூண்டுக்குள் என்ன பாடு படுத்தும்! கம்பியைக் கடிக்கும், கத்திக் கூப்பாடு போடும், திறந்துவிடப் போகிற கையையே கவ்வும். இது அப்படியில்லை. வைத்த முட்டையைத் தின்று முடித்து, ஓட்டை மூலைக்கு உருட்டித் தள்ளிவிட்டு, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அமர்ந்திருந்தது. மாமியார் வீட்டு விருந்தில் அடுத்தது இன்னும் வரவில்லையே என்று காத்திருக்கிறவனின் தோரணை. கதவைத் திறந்துவிட்டதும் ஓடவும் இல்லை. நிதானமாக இறங்கி, அவள் பூட்ஸை முகர்ந்து பார்த்துவிட்டு, நாணலுக்குள் நடந்து போயிற்று.

நிலையத்தில் எல்லாரும் அவளைக் கூண்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாகக் கூண்டு வைக்கிறாள். அதிகாரிகள் வந்தார்கள், போனார்கள்; கூண்டக்கா அதே தற்காலிக ஊழியராக அதே சேற்றில் நின்றாள். இப்போதைய ஆபீசர் வந்து மூன்று வருடம். கெட்டவர் இல்லை. பயந்தவர். மேலிடத்திலிருந்து போன் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசுவார்.

பிடிபட்ட கீரியின் காதில் ஒரு சின்ன வெட்டு வைத்து விடுவது முறை. அதுவே மறுபடி வந்தால் தெரிந்துவிடும், பழையதைப் புதியதாக எண்ணிவிட மாட்டார்கள். அதற்கென்று ஓர் இடுக்கி இருந்தது. அது உடைந்து ஒரு வருடம் ஆகிறது. புதிதாக ஒன்று வேண்டும் என்று நான்கு கடிதம் போட்டாயிற்று. கீரியே பிடிபடாத இடத்துக்கு இடுக்கி எதற்கு என்று மேலிடம் நினைத்ததோ என்னவோ, பதிலே இல்லை. நினைத்திருந்தால் அதில் நியாயமும் இருக்கத்தான் செய்தது.

"வால்ல கொஞ்சம் நெயில் பாலிஷ் தடவி விடட்டுமா சார்?" என்று அவள் கேட்டாள்.

"அதெல்லாம் நம்ம முறையில இல்ல" என்றார் ஆபீசர். "காதுல வெட்டு இருந்தா பழைய கீரி. வெட்டு இல்லன்னா புதுக் கீரி. அப்படித்தான் போட்டிருக்கு. அதுபடி எழுதுங்க."

வெட்டுகிற கருவியே இல்லாத ஊரில் வெட்டு எங்கிருந்து வரும் என்று அவரும் கேட்டுக்கொள்ளவில்லை, அவளும் வாயைத் திறக்கவில்லை.

மூன்று நாள் கழித்து இருபத்தைந்தாம் கூண்டில் ஒரு கீரி. காதில் வெட்டு இல்லை. புதுக் கீரி. அடுத்த வாரம் நாலாம் கூண்டில் ஒன்று, முப்பதில் ஒன்று. நிலையமே களை கட்டியது. ஆபீசர் தன் கைக்காசில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். கூண்டக்கா மட்டும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். முட்டை ஓடு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி மூலைக்குப் போயிருந்தது. முதுகு ஒவ்வொரு தடவையும் கதவைப் பார்த்து இருந்தது. ஆறாவது தடவை கதவைத் திறந்தபோது அது அவள் சட்டைப் பையை முகர்ந்தது. முட்டைகள் அங்கே இருப்பது அதற்குத் தெரிந்திருந்தது. சேற்றுக்கீரி குடும்பத்துக்கே ஒரே நாளில் நாகரிகம் வந்துவிடவில்லை. திரும்பத் திரும்ப வந்தது ஒரே மாப்பிள்ளைதான்.

அன்று வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் வெல்டிங் பட்டறைக்காரர். அந்த நாற்பது கூண்டும் அவர் கையால் அடித்தவை. வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு கண் மங்கிப்போனதில் பட்டறையில் இப்போது பாதி வேலைதான். வீடு நடப்பது அவள் சம்பளத்தில்.

"ஒரே கீரிதாங்க சுத்திச் சுத்தி வருது."

"நாப்பது கூண்டு அடிச்சுக் குடுத்தேன். ஒண்ணாவது வந்து விழுதே, அதுக்குச் சந்தோஷப்படு."

"நான் எழுதறது தப்பா இருக்கே."

"நீயா எழுதறே? அவங்க சொன்ன மாதிரி எழுதறே."

அந்தப் பதில் அவளுக்கு வசதியாக இருந்தது. வசதியான பதிலை யார்தான் நோண்டிப் பார்ப்பார்கள்? மூன்று மாதத்தில் முப்பத்தொரு தடவை மாப்பிள்ளை விருந்துக்கு வந்தது. முப்பத்தொரு கீரிகள் என்று அறிக்கை போயிற்று. நிலையம் பிழைத்தது. எட்டுப் பேரும் பிழைத்தார்கள்.

செத்தது எது என்று இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது. அந்தச் சதுப்பு நிலத்தின் மேல் ஒரு கம்பெனிக்கு ரொம்ப நாளாகக் கண் இருந்தது. நிரப்பிக் கிடங்கு கட்ட வேண்டும். விதி என்னவென்றால், இருபது கீரிக்குக் குறைவாக இருந்தால், இனம் அழியும் நிலை என்று, அந்த நிலத்தில் யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது. இருபதுக்கு மேல் இருந்தால், பிடித்துப் பத்திரமாக வேறு ஏரிக்கரைக்கு மாற்றிவிட்டு நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். இப்படி ஒரு விதி இருப்பது கூண்டக்காவுக்குத் தெரியாது. ஆபீசருக்குத் தெரிந்திருக்கலாம். தெரிந்தும் மறந்திருக்கலாம். பதினைந்து நாளில் முப்பத்தொரு கீரியையும் மாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அதைப் படித்தவள் சேற்றுப் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. நேரே ஆபீசர் அறைக்குள் போனாள்.

"சார், முப்பத்தொண்ணு இல்ல. ஒண்ணுதான்."

ஆபீசர் முதலில் கதவைப் பார்த்தார். எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எப்படிச் சொல்றீங்க? போட்டோ எல்லாம் இருக்கு. பாத்தேன். எல்லாம் கீரிதான்."

"போட்டோல தெரியாது சார். அதோட குணம் எனக்குத் தெரியும்."

"கீரின்னா கீரிதான். அதுக்குப் போய் குணம் கிணம்னு பேசிக்கிட்டு."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதினாறு வருடத்தில் ஆபீசரிடம் அவள் குரல் உயர்ந்தது அன்றுதான். "அப்படி நெனச்சதுதான் சார் தப்பு. அஞ்சாறு வருஷம் முன்னாடி தோட்டக்காரங்க சுத்திலும் விஷத்தீனி வச்சாங்களே, ஞாபகம் இருக்கா? நீங்க அப்ப இல்ல. வைக்கிறதை எல்லாம் துணிஞ்சு திங்கற கீரி அப்பவே போயிடுச்சு. மிஞ்சுனது எல்லாம் பயந்த ரகம். மனுஷன் வச்சதைத் தொடாது. அதனாலதான் பிடிபடறது வருஷா வருஷம் கொறஞ்சு, ரெண்டு வருஷமா நம்ம கூண்டு முழுக்கக் காலி. கீரி இல்லாம காலி இல்ல சார், அதுங்க வராம காலி. கூண்டைச் சுத்திக் காலடி இருக்கு. ரெண்டு சாண் தள்ளி நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்கு. கூடவே குட்டிக் காலடியும் இருக்கு."

"அதையெல்லாம் ஏன் எழுதல?"

"காலடியை எழுத இடமே இல்ல சார் அந்தத் தாள்ல."

ஆபீசர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"துணிஞ்ச ஒண்ணை முப்பத்தொண்ணா எண்ணிட்டோம்" என்றாள் அவள். "பயந்ததை எண்ணவே இல்ல. ரெண்டும் வேணும் சார். விஷம் வச்சா பயந்தது தப்பிக்கும். தண்ணி வத்தினா துணிஞ்சது போய் வேற தண்ணி கண்டுபிடிக்கும். ஒரே மாதிரியா இருந்திருந்தா இந்தச் சேத்துல எப்பவோ ஒண்ணும் மிஞ்சியிருக்காது."

"இப்ப நான் போய், அறிக்கை தப்புன்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா?" என்றார் ஆபீசர். "உங்க வேலை போகும். மத்த ஏழு பேர் வேலை போகும். என் மேல விசாரணை வரும். எனக்கும் வீட்ல ரெண்டு பேர் படிக்கிறாங்க. மொதல்ல கூண்டை வைப்போம். பயந்ததும் வரும், பசிச்சா வரும்."

பதினைந்து நாள் கூண்டு வைத்தார்கள். முதல் நாளே மாப்பிள்ளை ஆஜர். அதைத் தகரக் கொட்டகையில் ஒரு கூண்டில் அடைத்து வைத்தார்கள். மற்ற பதினான்கு நாளும் கூண்டுகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. முட்டை மாற்றிப் பார்த்தாள், மீன் தலை வைத்துப் பார்த்தாள், கூண்டை நாணலால் மூடிப் பார்த்தாள். காலையில் சேற்றில் காலடி மட்டும் இருந்தது. வரும், நிற்கும், திரும்பும். தென்மூலையில் ஆற்றுப்பூவரசின் வேருக்கடியில் ஒரு பொந்து இருப்பதையும், பெரிய காலடியும் குட்டிக் காலடிகளும் அதற்குள் போவதையும் அவள் கண்டுபிடித்தாள். ஆபீசரிடம் சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பதினைந்தாம் நாள் காலை அவர் முப்பத்தொரு எண் பலகைகளோடு வந்தார். இடம் மாற்றும் ஒவ்வொரு கீரிக்கும் ஒரு படம் வேண்டும். கூண்டு, எண், கீரி, பக்கத்தில் ஊழியர். மாப்பிள்ளையை ஒரு கூண்டிலிருந்து அடுத்ததற்கு மாற்றி மாற்றிப் படம் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்றார். பார்வையை எங்கேயோ வைத்துக்கொண்டுதான் சொன்னார். அவள் முடியாது என்று சொல்லியிருக்கலாம். யாரும் அவள் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. வீட்டை நினைத்தாள், அந்த மங்கிய கண்ணை நினைத்தாள், முட்டைக் கூடையைக் கையில் எடுத்தாள்.

கரை மேல் வரிசையாகக் கூண்டுகள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை அவள் குரலைக் கேட்டதும் முதல் கூண்டிலிருந்து இரண்டாவதற்குள் தானாகவே போயிற்று. நாலு முட்டை வரை தின்று ஓட்டை மூலைக்குத் தள்ளியது. அப்புறம் முட்டையைத் தொடவில்லை. ஆனாலும் அவள் "வா ராசா" என்றால் வந்தது. பத்தாவது கூண்டில் வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. பதினைந்தில் கால் தடுமாறியது.

"சார், தண்ணி காட்டிட்டு சாயங்காலமா எடுக்கலாம் சார்."

"ரெண்டு மணிக்கு மண்வாரி மெஷின் வந்துடும்மா. அதுக்குள்ள அனுப்பணும்."

இருபத்துமூன்றாவது படம் எடுத்த பிறகு அது எழுந்திருக்கவில்லை. அவள் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டாள். இத்தனை மாதத்தில் கையுறை இல்லாமல் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. உடம்பு கொதித்தது. மூச்சு இல்லை.

ஆபீசர் மிச்சமிருந்த எண் பலகைகளை எண்ணினார். பிறகு தாழ்ந்த குரலில், "இன்னும் எட்டுதான்" என்றார். "சுருண்டு படுத்த மாதிரி வைங்க. தூங்குதுன்னு நெனச்சுப்பாங்க."

அவள் வைத்தாள். இருபத்துநான்கிலிருந்து முப்பத்தொன்று வரை, எட்டுக் கூண்டிலும், வாலைச் சுற்றி, முகத்தை வாலுக்குள் புதைத்து வைத்தாள். எட்டுப் படத்திலும் பக்கத்தில் நின்றாள். தன்னைவிடக் கேவலமான பிறவி உலகத்தில் இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது, அது தோன்றிய பிறகும் நின்றாள். படம் எடுத்து முடித்து ஆபீசர் ஜீப்பில் போய்விட்டார். அவள் கரைச் சரிவில் குழி தோண்டி மாப்பிள்ளையைப் புதைத்தாள்.

இரண்டு மணிக்கு மண்வாரி வந்தது. ஓட்டுநர் நடுவயதுக்காரர். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து கேட்டார்.

"அக்கா, உள்ள உசுரு எதுவும் இல்லையே? போன சைட்டுல ஒரு முள்ளம்பன்னி குடும்பம் மாட்டிக்கிச்சு. ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கல. இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"இருக்கு" என்றாள் அவள். அவளுக்கே தன் குரல் புதிதாகக் கேட்டது.

"அப்பக் காட்டுங்க. ஒரு போட்டோ எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்பறேன். போட்டோ இருந்தா நிறுத்தித்தான் ஆகணும், வேற வழி கிடையாது."

ஒரு படம். அவ்வளவுதான் வேண்டும். அவள் கிட்டத்தட்ட ஓடினாள். பொந்துக்கு இருபது அடி தள்ளி நாணலுக்குள் வயிற்றைச் சேற்றில் அழுத்திப் படுத்துக்கொண்டு, போனைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள். கொசு மொய்த்தது. அட்டை ஏறியது. அசையவில்லை. ஒரு மணி நேரம் போயிற்று, இரண்டு மணி நேரம் போயிற்று. வெளியே வா தாயே, ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போய்விடு என்று மனதுக்குள் கெஞ்சினாள். மாப்பிள்ளையாக இருந்திருந்தால் இந்நேரம் அவள் பையை முகர்ந்துகொண்டிருக்கும். இது அதுவல்ல. இது வராதது. வராமல் இருந்துதான் விஷத்தையும் கூண்டையும் தாண்டி இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது.

வெயில் சாய்ந்த நேரத்தில் வேருக்கடியில் ஒரு மூக்கு தெரிந்தது. மூக்கும், இரண்டு பக்கமும் மீசையும். அவள் போனை ஒரு விரற்கடை உயர்த்திப் படமெடுப்பதற்குள் மூக்கு மறைந்துவிட்டது.

ஓட்டுநர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "பொந்துதான் தெரியுது அக்கா. இதை அனுப்பினா என்னைத்தான் திட்டுவாங்க."

"உள்ள இருக்கு. சத்தியமா இருக்கு. குட்டி போட்டிருக்கு."

"நான் நம்பறேன். என் நம்பிக்கையை வச்சு என்ன பண்றது? இன்னிக்கு வண்டி ரிப்பேர்னு சொல்லிடறேன். நாளைக்கு எட்டு மணிக்கு ஆரம்பிக்கலைன்னா என்னைத் தூக்கிடுவாங்க."

அவள் ஆபீசருக்குப் போன் போட்டாள். நான்காவது தடவைதான் எடுத்தார்.

"முப்பத்தொண்ணும் போயாச்சும்மா. படம் மேலிடத்துக்குப் போயாச்சு. எல்லாத்துலயும் நீங்கதான நிக்கிறீங்க? இனிமே உள்ள எதுவும் இருக்க முடியாது."

அவள் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுத் திரும்பவும் நாணலுக்குள் போய்ப் படுத்தாள். இருட்டும் வரை ஒன்றும் வரவில்லை. விடிந்ததும் மண்வெட்டியோடு வந்து தானே பொந்தைத் தோண்டினாள். வேர் இடம் கொடுக்கவில்லை. தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறி மண் சரிந்தது.

ஓட்டுநர் தன்னால் ஆனதைச் செய்தார். தென்மூலையை விட்டுவிட்டு எதிர்க்கோடியில் ஆரம்பித்தார். சத்தம் கேட்டு ஓட வேண்டியது ஓடிவிடட்டும் என்று எஞ்சினை உறுமவிட்டார். கொக்குகள் எழுந்து போயின. ஆமை ஒன்று கரையேறிற்று. தென்மூலையில் நாணல் அசையவில்லை. சத்தம் கேட்டால் துணிந்தது வெளியே ஓடும், பயந்தது இன்னும் உள்ளே போகும். இதை அந்த வட்டாரத்தில் அறிந்தவள் அவள் ஒருத்திதான். அறிந்து என்ன செய்ய? மதியம் மண்வாரி பூவரசுக்கு வந்தது. அவள் குறுக்கே போய் நின்றாள். ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தினார். சூப்பர்வைசர் வந்து, இரண்டு பேரை விட்டு அவளைக் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

மரம் சாய்ந்தது. மண்வாரியின் இரும்பு வாளி இறங்கி, வேரோடு மண்ணை அள்ளிக்கொண்டு மேலே வந்து, கரையில் கொட்டியது. ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிடித்திருந்தவர்கள் கையை விட்டார்கள். அவள் மண் குவியலில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். தாய் ஒன்று. மாப்பிள்ளையைவிடச் சிறியது, நெஞ்சில் வெள்ளைத் திட்டு, உடம்பு முழுக்கக் குட்டிகளின் மேல் வளைந்தபடி. குட்டி ஒன்று, செம்பழுப்பு. குட்டி இரண்டு, வால் நுனி வெளுப்பு. மூன்றாவது மற்றவற்றின் அளவில் பாதிதான் இருந்தது. நான்காவதன் வாயில் வேர்த் துண்டு ஒன்று கவ்வியபடி இருந்தது. அது மட்டும் கடைசி நேரத்தில் வெளியேறப் பார்த்திருக்கிறது, அது துணிந்த ரகமாக வந்திருக்கும்.

ஐந்து. இன்னொன்று இருந்து எண்ணாமல் விட்டுவிடக் கூடாது என்று, வெளிச்சம் போகும் வரை அவள் அந்த மண்ணைக் கையால் கிளறிக்கொண்டிருந்தாள்.